வீட்டு ஹாம் வானொலி நிலையத்தில் இரைச்சல்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மதுரையிலிருந்து:
மாலைக்குப் பின் 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) எஸ்9 அளவு இரைச்சலோடு மல்லுக்கட்டுவது நகரத்து ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலியினர்) அனைவருக்கும் தெரிந்ததே. சென்ற கோடையில் மின்தடை வந்தபோது என் ரிக் (வானொலிக் கருவி) 12 வோல்ட் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தெரு இருண்ட அதே நொடியில், சிக்னல் வலிமை காட்டும் எஸ்-மீட்டர் எஸ்3-க்கு இறங்க, அதுவரை இருப்பதே தெரியாதிருந்த ஓர் இந்தோனேசிய நிலையம் தெளிவாகக் கேட்டது. நான் அழைத்தேன், அவர் என் அழைப்புக்குறியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் வந்து, அவர் குரல் இரைச்சலில் மூழ்கிவிட்டது. குறியின் கடைசி எழுத்தை அவர் பிடித்தாரா என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஓர் எஸ் அலகுக்கு 6 டெசிபல் எனக் கொண்டால் வேறுபாடு 36 டெசிபல், ஆற்றலில் ஏறத்தாழ 4000 மடங்கு. என் வீட்டு மெயினை அணைத்தும் இரைச்சல் குறையாததால், சிற்றலை வானொலிப் பெட்டியுடன் வெளியே நடந்து பார்த்தேன். அடுத்த வீட்டு மாடிப்படியில் எரிந்த எல்இடி விளக்கின் டிரைவர்தான் (விளக்குக்கு மின்சாரம் தரும் சுற்று) மூலம். வேறு விளக்கு வாங்கிக் கொடுத்து, அவர்கள் ஒப்புதலோடு மாற்றினேன்.

கோவையிலிருந்து:
எனக்கு நேர்ந்தது அனுப்பும்போது. மூன்றாம் மாடியில் எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் இணைப்புக் கொடுக்கும்) ஆன்டெனா, 7 மெகாஹெர்ட்ஸ், 100 வாட். நான் பேசப் பேச, பூஜை அறையிலிருந்த மந்திரப் பெட்டியில் என் குரல் ஒரு சொல்லும் விளங்காதபடி உடைந்து ஒலித்தது. விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா நடுங்கிப் போனார். தனியாக எர்த் கம்பி இறக்கிய பிறகு பெட்டி அடங்கியது. ஆகவே அனைவரும் முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள், மற்றவை பிறகு.

சென்னையிலிருந்து:
கோவை ஓஎம் (ஹாம் நண்பர்) பொறுத்துக்கொள்ள வேண்டும்; இந்த அறிவுரையை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. எஃப்டி8 எனும் கணினிவழி முறையில் அனுப்பத் தொடங்கியதும் என் கணினியின் மவுஸ் உறைந்துபோகும். எர்த் இருந்தும் அது நிற்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் கம்பி சுமார் 10 மீட்டர் இருக்கும், அதாவது 40 மீட்டர் அலையின் கால் பங்கு. அத்தகைய கம்பியின் கீழ்முனை மண்ணில் இருந்தால், மேல்முனை அந்த அலைவரிசையில் மிக உயர்ந்த இம்பீடன்ஸையே (மாறுமின்னோட்டத்துக்கான தடையையே) காட்டும். ரிக்கைப் பொறுத்தவரை அங்கே எர்த் இல்லை. பெட்டி அடங்கியதற்குக் காரணம் ஆர்எஃப் (வானொலி அலைவெண்) மின்னோட்டம் வேறு பாதைக்குத் திரும்பியதாக இருக்கலாம். பாண்ட் (அலைவரிசை) மாற்றினால் தொல்லை மீண்டும் வரக்கூடும். மின்னல் பாதுகாப்புக்கும் மின்பாதுகாப்புக்கும் எர்த் கட்டாயம் தேவை, அதை ஒருபோதும் கழற்ற வேண்டாம். ஆனால் எண்ட்-ஃபெட்டில் கோஆக்ஸ் (ரிக்கை ஆன்டெனாவோடு இணைக்கும் கம்பி) பின்னலின் வெளிப்புறமே ஆன்டெனாவின் மறுபாதியான எதிர்க்கம்பியாகி, ஆர்எஃப்பை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் 31 வகை ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றுங்கள். ஆர்எஃப்பைத் தடுக்கும் இந்தச் சுருளின், அதாவது சோக்கின், இம்பீடன்ஸ் ஏறத்தாழ சுற்றுகளின் இருமடிக்கேற்ப உயரும் என்பதால், ஒரே ஒருமுறை கம்பி நுழையும் கிளிப் ஃபெரைட் 7 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் போதாது. என் கோஆக்ஸிலும் யுஎஸ்பி கம்பியிலும் இப்படிச் செய்த பிறகே மவுஸ் சீரானது. கோவை ஓஎம், மந்திரப் பெட்டியின் அடாப்டர் கம்பியையும் அதேபோல் சுற்றிப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து:
எங்கள் தொல்லை பகலில்தான். மொட்டைமாடிச் சோலார் வேலை செய்யத் தொடங்கியதும் 20 மீட்டர் முழுவதும் இரைச்சல் எழும். மேகம் மறைத்தால் இறங்கும். ஒரு நாள் நடுப்பகலில் மேகம் கடந்த சில நிமிடங்களில் மட்டும் பாண்ட் திறந்ததுபோல் நிலையங்கள் வரிசையாகக் கேட்டு மறைந்தன. இன்வெர்ட்டரை விட, மாடியில் அகன்று ஓடிய டிசி கம்பிகளே ஆன்டெனாவாக இருந்து இரைச்சலைப் பரப்பின. சோலார் பொருத்தியவரை வரவழைத்து, இணைப்பைத் துண்டித்து, நேர், எதிர் இரண்டையும் ஒட்டி ஓடச் செய்து, ஒரே ஃபெரைட்டில் சேர்த்துச் சுற்றினோம். ஒன்றை மட்டும் நுழைத்தால் டிசி மின்னோட்டத்தில் ஃபெரைட் காந்தத்தால் நிறைவுற்றுப் பயனற்றுவிடும். இரைச்சல் இரண்டு எஸ் அலகு குறைந்தது. இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்தில் வடிகட்டி வைத்தவர் யாரேனும் இருந்தால், 14 மெகாஹெர்ட்ஸில் அது பயன் தந்ததா என்று எழுதுங்கள்.