நிறுவிய பிறகு கறுப்புத் திரை: நோமோட்செட் போட்டால் போதுமா?

மின்மினி:
மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவினேன். டெபியன் வழி வந்த விநியோகம், க்னோம் டெஸ்க்டாப். யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் நன்றாகவே இருந்தது. நிறுவும்போது கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தயாரிப்பாளரின் டிரைவரையும் சேர்க்கச் சொன்னேன். இப்போது துவக்கினால் லோகோ வருகிறது, பிறகு கறுப்புத் திரை, மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னுகிறது. லாகின் திரையே வரவில்லை. அதே வட்டில் விண்டோஸும் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை.

தூரிகை:
துவக்கத்தில் எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் மெனுவில் ஆங்கில 'இ' (e) விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset) என்று அடித்து எஃப்10 கொடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிடும். வந்ததும் க்ரப் அமைப்புக் கோப்பிலேயே அதை எழுதிவிடுங்கள். வேலை முடிந்தது.

கரிசல்:
முதல் பாதி சரி. நிரந்தரமாக எழுதச் சொல்வதை ஏற்க மாட்டேன். திரையின் அளவையும் முறையையும் இயங்குதளத்தின் மையமான கர்னலே அமைக்கும் வேலையை நோமோட்செட் நிறுத்திவிடுகிறது. கார்டின் சரியான டிரைவர் ஒதுங்கிக்கொள்ளும். ஃபர்ம்வேர் (கணினியோடு வரும் அடிப்படை மென்பொருள்) கொடுத்த எளிய ஃபிரேம்பஃபரில்தான் (படத்தை வைக்கும் நினைவகப் பகுதி) படம் வரும், வரையும் பாரம் முழுவதும் சிபியு தலையில் விழும். வெளி மானிட்டர் தெரியாது, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போகலாம், ஒரு காணொளி ஓடினாலே விசிறி இரையும். இப்படியே பழகுபவர் லினக்ஸே மெதுவானது என்றுதான் நினைப்பார். அவரை இழப்பது இங்கேதான்.

மின்மினி, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வடிவில் லாகின் கேட்கிறதா?

தூரிகை:
அவரை இழப்பது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது, கரிசல். கையில் இருப்பது ஒரே கணினி, திரை கறுப்பு. அவரிடம் போய்ப் பதிவுகளைப் படி, சேவையின் நிலையைப் பார் என்றால் அன்று இரவே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார். முதலில் திரை வரட்டும். உலாவி கிடைத்தால்தான் பிழைச்செய்தியை நகலெடுத்து இங்கே ஒட்டவே முடியும். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு காரணம் தேடச் சொல்வது புதியவருக்குச் செய்யும் உதவி இல்லை.

நடுநிசி:
இரண்டு பேரும் சுற்றி வளைக்கிறீர்கள். இது வேலண்ட் பிரச்சினை, அதாவது சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பின் கோளாறு. லாகின் திரையைக் காட்டும் ஜிடிஎம்மின் அமைப்புக் கோப்பில் வேலண்டை அணைத்துவிட்டால் அதற்கு முந்தைய எக்ஸ் (எக்ஸ்11) வரும், எல்லாம் சரியாகிவிடும்.

கரிசல்:
நடுநிசி, டிரைவரே ஏறவில்லை என்றால் எக்ஸும் இதே இடத்தில்தான் விழும். அதோடு அந்த அறிவுரைக்கு ஆயுள் குறைவு: 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49-இல் எக்ஸ்11 அமர்வு இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டது. எந்தப் படியில் நின்றது என்று தெரியாமல் மருந்து சொல்லக் கூடாது. லாகின் திரை வந்து, கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, மறுபடி லாகினுக்கே திரும்பினால் அது வேறு நோய். அப்போது வட்டு நிரம்பியிருக்கிறதா, ஹோம் அடைவில் ஏதாவது கோப்பு ரூட் (நிர்வாகி) பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்கு லாகின் திரையே வரவில்லை.

தூரிகை சொன்ன ஒன்று உண்மைதான், உலாவி வேண்டும். சரி, நோமோட்செட்டை ஒரே ஒரு துவக்கத்துக்கு மட்டும் போடுங்கள். க்ரப் மெனுவில் அடித்தது அடுத்த துவக்கத்தில் தானாகவே போய்விடும். உள்ளே வந்ததும் டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் 1 சேர்த்து (journalctl -b -1) அடியுங்கள். தோற்றுப்போன முந்தைய துவக்கத்தின் பதிவு அதில் இருக்கும். இப்போதைய துவக்கத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மின்மினி:
எஃப்3-இல் எழுத்து லாகின் வந்தது. நோமோட்செட் போட்டு டெஸ்க்டாப்புக்குள்ளும் வந்துவிட்டேன், எழுத்துகள் பெரிதாக, மங்கலாகத் தெரிகின்றன. முந்தைய பதிவில் கார்டின் மாட்யூலை (கர்னலோடு சேரும் டிரைவர்) ஏற்ற முடியவில்லை, சாவி நிராகரிக்கப்பட்டது என்கிற பொருளில் ஒரு வரி இருக்கிறது.

கரிசல்:
அதுதான். செக்யூர் பூட் (துவக்கத்தைக் காக்கும் ஃபர்ம்வேர் வசதி) இயங்குகிறது. கையொப்பத்தை நம்ப முடியாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. கையொப்பத்தின் சாவியைப் பதிவதற்காக நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். முதல் மறுதுவக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்ததா?

மின்மினி:
வந்தது. ஏதோ எண்கள் குறைந்துகொண்டே போய், தானாகவே மறைந்துவிட்டது.

தூரிகை:
அப்படியானால் ஃபர்ம்வேருக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கரிசல்:
விண்டோஸும் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னாரே. விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டை அணைத்ததும் மீட்புச் சாவி கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் இப்போது நன்றாக இருக்கும் விண்டோஸும் பூட்டிக்கொள்ளும்.

சாவியைப் பதிவதே நல்லது. மோக்யூட்டில் கட்டளையின் இம்போர்ட் விருப்பத்தோடு (mokutil --import), நிறுவி உருவாக்கி வைத்த சாவிக் கோப்பைக் கொடுங்கள். உபுண்டு வகை என்றால் அது /var/lib/shim-signed/mok என்ற அடைவுக்குள் இருக்கும். ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதுவக்கம் செய்ததும் நீலத் திரை வரும், 10 நொடிதான் காத்திருக்கும். ஏதாவது ஒரு விசையை உடனே அழுத்துங்கள். என்ரோல் மோக் (Enroll MOK, சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடவுச்சொல்லை அடித்து, மறுபடி துவக்குங்கள். அங்கே அமெரிக்க விசைப்பலகை அமைப்புதான் வேலை செய்யும், அதனால் கடவுச்சொல்லில் குறியீடுகள் வேண்டாம்.

தூரிகை:
பிட்லாக்கர் விஷயம் சரி, அதில் வாதம் இல்லை. ஆனால் இத்தனை படிகளைப் புதியவர் தலையில் கட்டியது யார்? 10 நொடியில் மறையும் ஒரு திரை, அதில் விளக்கம் ஒரு வரிகூட இல்லை. நிறுவியே முன்கூட்டி, "அடுத்து நீலத் திரை வரும், இதைத் தேர்ந்தெடுங்கள்" என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். அது நடக்கும்வரை கறுப்புத் திரையோடு வருபவரிடம் நான் முதலில் நோமோட்செட்தான் சொல்வேன்.

மின்மினி:
சாவி பதிவாகிவிட்டது. நோமோட்செட் இல்லாமலே லாகின் வந்தது, திரை தெளிவாக இருக்கிறது, வெளி மானிட்டரும் தெரிகிறது. கர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டுமா?

கரிசல்:
வேண்டியதில்லை. மாட்யூல்களைத் தானாகக் கட்டும் டிகேஎம்எஸ் கருவி, புதிய கர்னலுக்கு மாட்யூலைக் கட்டும்போது அதே சாவியால் கையொப்பமிடும். எப்போதாவது அது தவறிப்போய் மறுபடி கறுப்புத் திரை வந்தால், க்ரப் மெனுவின் கூடுதல் தேர்வுகளில் பழைய கர்னல் இருக்கும். அதில் நுழைந்து பதிவைப் பாருங்கள், இங்கே ஒட்டுங்கள்.