மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு வைத்தியர் கட்டணத்தில் கழிவு எதற்கு?

மல்லாவியான்:
நேற்று முகநூலில் ஒரு வைத்தியரின் பதிவு பார்த்தேன். வன்னிச் சனத்திடம் தனியார் கட்டணத்தைக் குறைத்து வாங்கும்படி யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஐயாவின் பதில்: "மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவருக்குக் கழிவு எதற்கு?" கீழே கைதட்டல் வேறு. மோட்டார் சைக்கிள் என்ன, பணக்காரன் என்பதற்கு அத்தாட்சியா? துணுக்காய்ப் பக்கம் பின்னேரம் பஸ்ஸை நம்பி ஒருவர் வெளிக்கிட முடியுமா? அது லீசிங்கில் எடுத்தது ஐயா. தவணை பிந்தினால் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

வெள்ளைக்கோட்டு:
அண்ணை, கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாஞ்சோலை என்று அரசாங்க ஆஸ்பத்திரிகள் திறந்துதான் இருக்கின்றன. அங்கே காசில்லை. கடமை நேரம் முடிந்து தனியாரில் பார்ப்பது வைத்தியரின் சொந்த நேரம். நெல் வெட்டு மெஷின்காரரிடம் ஏக்கருக்குப் பாதிக்காசுதான் தருவேன் என்று நிற்பீர்களா?

மல்லாவியான்:
வெட்டு மெஷின்காரரைச் சனத்தின் வரிக்காசில் பல்கலைக்கழகம் அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் முதல் மருத்துவபீடம் வரை இலவசமாகப் படித்துவிட்டு "சொந்த நேரம்" என்று கணக்குக் காட்டுகிறீர்கள். சரி, அதை விடுவோம். நான் கேட்டது மோட்டார் சைக்கிளை. அதற்குப் பதிலைக் காணவில்லை.

நெடுங்கேணிப் பெட்டை:
கழிவு தந்தாலும் மிஞ்சப்போவது என்ன? சனல் பண்ணினால், அதுதான் தனியார் நிலையத்தில் பதிந்து வைத்தியரைப் பார்த்தால், வைத்தியரின் காசு வேறு, நிலையத்தின் காசு வேறு. அவர் தன் பங்கைக் குறைத்தாலும் நிலையம் தன் பங்கை விடாது. அதற்குப் பிறகு இரத்தப் பரிசோதனை, ஸ்கான், பார்மசித் துண்டு. அம்மாவுக்குப் பார்த்த நேரம் வைத்தியரின் காசுதான் எல்லாவற்றிலும் குறைவு. கழிவு கேட்பதென்றால் பரிசோதனைக்குக் கேளுங்கள்.

மல்லாவியான்:
தங்கச்சி, நல்ல விஷயம். தனியாக ஒரு இழை திறவுங்கள். இங்கே கதை மோட்டார் சைக்கிள்.

ஸ்காபரோ செல்வன்:
இங்கே கனடாவில் ஹெல்த் காட்டைக் காட்டினால் போதும், குடும்ப வைத்தியர் ஒரு சதமும் கேட்பதில்லை. ஊரில்தான் மனிதாபிமானம் செத்துவிட்டது.

வெள்ளைக்கோட்டு:
செல்வன் அண்ணை, அங்கே வைத்தியர் சும்மா பார்க்கவில்லை. உங்கள் வரியை எடுத்து மாகாண அரசு அவருக்குக் கட்டுகிறது. விசேட வைத்தியரிடம் போக எத்தனை மாதம் காத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதினால் நாங்களும் அறிவோம்.

மல்லாவியான்:
இதில் மட்டும் வெள்ளைக்கோட்டோடு நிற்கிறேன். கோயில் தேர் பற்றிய இழையில் என்னைக் "கிணற்றுத் தவளை" என்ற ஆள்தானே இந்தச் செல்வன்? மறக்கவில்லை. கோபுரத்துக்கு வர்ணம் பூச அனுப்புகிற காசில் நாலு நோயாளியின் சனல் காசைக் கட்டலாமே.

ஸ்காபரோ செல்வன்:
கோயிலை ஏன் இழுக்கிறீர்? உமது தகப்பனாரும் அந்தத் திருவிழாவில் சாப்பிட்டவர்தான்.

மல்லாவியான்:
அப்புவைத் தொடாதேயும்!
வெள்ளைக்கோட்டு, இதையும் கேளும். 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டி.ஏ.டி. கொடுப்பனவு (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து என்று சம்பளத்துக்கு மேலாகக் கொடுப்பது) 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆனது. மற்றச் சுகாதார ஊழியர்கள் தங்களுக்கும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கிளினிக் கொப்பியோடு வந்து திரும்பிப் போனது யார்? அந்த மோட்டார் சைக்கிள்காரர்தான்.

வெள்ளைக்கோட்டு:
வேலைநிறுத்தம் செய்தவர்கள் வைத்தியர்கள் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டு எங்களைத் திட்டுகிறீர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் வெளிநாடு போனார்கள்? மிஞ்சியவர்களையும் துரத்துங்கள். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்: மாதாமாதம் லீசிங் கட்ட முடிந்தவருக்கு ஒரு நாள் வைத்தியருக்குக் கட்ட முடியாதா?

மல்லாவியான்:
வந்துவிட்டார் பாருங்கள், முகநூல் ஐயாவின் அதே பாட்டு! லீசிங் கட்டுகிறபடியால்தான் கையில் காசில்லை. 2022இல் பெற்றோல் 450 ரூபாய் விற்றபோது பங்கீட்டுக் கியூஆர் கோட்டுக்கு வாரம் 4 லீற்றர்தான் தந்தார்கள். அப்போதும் மோட்டார் சைக்கிளில்தான் மீன் விற்றார்கள், அதில்தான் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றினார்கள். அது வன்னியில் ஆடம்பரம் இல்லை, கால். விளங்குகிறதா?

பூநகரிப் பொடியன்:
என்ன பைக் என்று ஒருவரும் சொல்லவில்லையே? பழைய பிளட்டினா என்றால் அண்ணை சரி. பல்சர் என்றால் டொக்டர் சரி.

நெடுங்கேணிப் பெட்டை:
பரிசோதனைக் காசைப் பற்றி ஒருவருக்கும் வாய் திறக்கத் தெரியாதா?

மல்லாவியான்:
பல்சரும் லீசிங்கில்தான் தருகிறார்கள் தம்பி. உன்னுடையது என்ன பைக் என்று முதலில் சொல்லு.

வெள்ளைக்கோட்டு:
எனக்கு ஆறு மணிக்கு நோயாளிகள் இருக்கிறார்கள். முழுக்கட்டணத்தில்.

மல்லாவியான்:
போங்கோ, போங்கோ. வாசலில் எத்தனை மோட்டார் சைக்கிள் நிற்குது என்று எண்ணிக்கொண்டு உள்ளே போங்கோ.