புதுப்பிப்பு: எட்வின் பூத் கல்லறைப் பெட்டி கிடைத்துவிட்டது

போன வாரம் இங்கே ஒரு லெட்டர்பாக்ஸ் புதிரைப் போட்டு உதவி கேட்டிருந்தேன். ஒளித்து வைத்த பெட்டியைக் குறிப்பை வைத்துத் தேடி, உள்ளே இருக்கும் ரப்பர் முத்திரையை நம் நோட்டில் பதித்துக்கொள்ளும் விளையாட்டு. "தம்பி சுட்டான், அண்ணன் காப்பாற்றினான்" என்பதுதான் முதல் வரி.

பலர் சொன்னது சரி. லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் அண்ணன், நடிகர் எட்வின் பூத். அவர் கல்லறை அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில், முதல் மனைவி மேரிக்குப் பக்கத்தில். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்தில், நகரத் தொடங்கிய ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே சரிந்த இளைஞரை எட்வின் கோட்டுக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அது லிங்கனின் மகன் ராபர்ட் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரியவந்தது. கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்றிருப்போம்!

பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குள் இல்லை. அது நல்லதுதான், கல்லறைகளைக் கிளறக் கூடாது. கல்லில் உள்ள 1833, 1893 ஆண்டுகளைக் கழித்தால் 60. வெளியே ஃப்ரெஷ் பாண்ட் பாதையில், குறிப்பு சொன்ன மரத்திலிருந்து அத்தனை அடி நடந்தால், விழுந்த கட்டைக்கு அடியில் பட்டை மூடிய டப்பா. கையால் செதுக்கிய முத்திரை: காலரை இறுகப் பிடித்த ஒரு கை, சட்டைக் கையில் மூன்று பொத்தான்.

போகிறவர்கள் மைப்பஞ்சு கொண்டு போங்கள், உள்ளே இருப்பது காய்ந்துவிட்டது. நோட்டு நனைந்திருந்ததால் புது ஜிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.