அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன்: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: உசிலம்பட்டிக்காரன்

அப்பாவுக்கு 66 வயது. குடலில் ஓட்டை விழுந்து, மதுரையில் அவசரமாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நெஞ்சுக்குழிக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டி நேர்கோடாகக் கிளிப் அடித்திருக்கிறார்கள். போன வாரம் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம். கிளம்பும்போது நர்ஸ் சொன்னதில் பாதிதான், வார்டில் இருந்த கூட்டத்தில், காதில் விழுந்தது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு சட்டம். முட்டை, மீன், மோர் எதையும் கண்ணில் காட்டக்கூடாது, சீழ் வைக்கும் என்கிறார் அத்தை. புண் ஊறிவிடும் என்று தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறார். சித்தப்பா அசையவே விடுவதில்லை. "தையல் பிரிந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கிறார். அப்பாவும் வலிக்குப் பயந்து இருமலை அடக்குகிறார், மேல்மூச்சாகவே விடுகிறார். கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் படுத்தபடியே கிடக்கிறார். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்தார்கள். எவ்வளவு ஊதினாலும் பந்து ஏறவில்லை. இரண்டு ராத்திரியாகச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

தம்பி, வயதானவர்கள் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்லும் நம் பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மேல்மூச்சும் ராத்திரி உளறலும் சேர்ந்து வந்திருக்கின்றன. நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சில் சளி கட்டிக் கிருமி தொற்றியிருக்கலாம், உப்புச் சத்து குறைந்திருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சித்தப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த நிலையில் படுத்தே கிடப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். குடல் சோம்பிப் போய் மலம் இறுகும். பிட்டத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகும். மெதுவாக நடப்பதால் தையல் பிரிவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பாரம் தூக்குவதும், முக்குவதும், மல்லாந்த நிலையிலிருந்து வெடுக்கென்று எழுவதும்தான் தையலை இழுக்கும்.

கயிற்றுக் கட்டிலை மாற்றிவிடுங்கள். நடுவில் தொய்வதால் வயிற்றை மடக்காமல் அதிலிருந்து எழ முடியாது. பெஞ்சு அல்லது மரக்கட்டிலில் மெத்தை போட்டுப் படுக்க வையுங்கள். எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கி, உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களிக்கச் சொல்லுங்கள். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி, மேல் கையால் மெத்தையை அழுத்தித் தானாக எழ வேண்டும். எழுந்த உடனே நிற்கவும் கூடாது. இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று பார்த்த பிறகு நிற்கட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்து நடக்க வைத்தால் அவரே ஒத்துழைப்பார்.

அந்தப் பந்துக் கருவி ஊதுவதற்கு அல்ல, உறிஞ்சுவதற்கு! வார்டில் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஊதத்தான் செய்வார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதாக வெளியே விட்டு, குழாயை உதட்டால் கவ்வி, இளநீரை உறிஞ்சுவது போல நிதானமாக இழுக்க வேண்டும். பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று நொடி பிடித்து விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. முதலில் ஒரு பந்து ஏறினாலும் போதும், மற்றவை போகப் போக ஏறும். இருமல் வந்தால் அடக்கவே கூடாது. போர்வையை நான்காக மடித்துத் தையல் மேல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி குறையும்.

அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: சீழ் வைப்பது கிருமியால், முட்டையால் அல்ல. புண் கூடுவதற்குப் புரதம் வேண்டும். மருத்துவர் சாதாரணச் சாப்பாட்டுக்கு அனுமதித்துவிட்டார் என்றால், அவித்த முட்டை, காரம் குறைத்த மீன் குழம்பு, பாசிப்பயறு, மோர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகக் கொடுக்கலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லையென்றால் தண்ணீரைக் குறைக்கவே வேண்டாம்.

புண்ணில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீர்கள். சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. இன்னொன்று, பலருக்குத் தெரியாது: கட்டு திடீரென்று ரோஸ் நிறத் தண்ணீரில் நனைந்தால் உள்தையல் விட்டுப்போவதன் அறிகுறி அது. குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பா மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் உள்ளவரா? வயல் வேலை பார்ப்பவர்களிடம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடல் ஓட்டை விழ அது ஒரு முக்கியக் காரணம். இனி அந்த வகை மாத்திரை வீட்டுக்குள் வரவே கூடாது. பீடியும்தான்.

பதில்: மேலூர் மருமகள்

என் மாமனாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த பிறகு இதே போல் ராத்திரி உளறினார். செத்துப்போன தன் அண்ணனைக் கூப்பிட்டார். காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூட்டி வரக் கிளம்பிவிட்டார்கள் உறவினர்கள். நான் பிடிவாதமாக ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தேன். சோடியம் குறைந்திருந்தது. சிகிச்சையில் தெளிந்துவிட்டார். ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும், மூக்குக் கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், அவருக்குப் பழகிய ஒருவர் பக்கத்தில் படுங்கள். அதட்டாதீர்கள்.

உசிலம்பட்டிக்காரன்

சிஸ்டர், மறுநாளே கூட்டிப்போனோம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டு, படம் எடுத்துப் பார்த்து, மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். உளறல் நின்றுவிட்டது. நீங்கள் கேட்ட மாத்திரை உண்மைதான். அலமாரியில் இரண்டு அட்டை இருந்தது. நேற்று ஒரு பந்து மேலே ஏறியதும் சித்தப்பாவே கைதட்டினார். அடுத்த வாரம் கிளிப் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகலாமா? குளிக்க வைக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

மனது நிறைந்தது, தம்பி. கிளிப் எடுக்கும்வரை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எப்போது தலைக்கு ஊற்றலாம் என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். குளத்தில், கிணற்றில் முங்குவது இப்போதைக்கு வேண்டாம். கார் கிடைத்தால் நல்லது. பஸ் என்றால் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, பின்சக்கரத்துக்கு மேல் உட்காராமல் நடுவில் உட்கார வையுங்கள், மடித்த போர்வை வயிற்றில் இருக்கட்டும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு இறக்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் வையுங்கள். அலமாரியில் கிடைத்த அந்த இரண்டு அட்டையையும் மறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.