தாத்தாவின் சுருக்குப்பையில் இருந்த 31 காசுகள்: எவ்வாறு இனங்காண்பது?

கேள்வி (கும்பகோணத்திலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாத்திரக்கடை நடத்தினார். பழைய செம்பு, பித்தளைச் சாமான்களை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். அவ்வாறு வரும் பழஞ்செம்பில் கலந்து கிடந்த காசுகளை உருக்கக் கொடுக்க மனமில்லாமல், ஒரு சுருக்குப்பையில் சேர்த்து வைத்தார் என்று பாட்டி சொல்லுவார். பாட்டியும் காலமான பின்பு அந்தப் பை சென்ற மாதம் என்னிடம் வந்தது.

அதில் 31 காசுகள் உள்ளன. 11 காசுகளில் குச்சிகளையும் வளையங்களையும் கொண்டு வரைந்ததைப் போன்ற மனித உருவம் ஒருபுறம் நிற்கிறது. மறுபுறம் அதே போன்ற உருவம் அமர்ந்திருக்க, அருகில் இந்தி எழுத்தைப் போல ஏதோ தெரிகிறது. 16 காசுகள் சுண்டுவிரல் நகத்தளவே உள்ளவை. ஒருபுறம் அம்மன், மறுபுறம் தெலுங்கு போன்ற எழுத்து. மூன்று காசுகளில் வி, ஓ, சி என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றில் 1789 என்ற ஆண்டு தெளிவாக உள்ளது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், இவை வ.உ.சிதம்பரனாரின் கப்பல் கம்பெனிக் காசுகளா என்று கேட்கிறான். மீதமுள்ள ஒன்று பெரியது. அனுமன் உருவமும், கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818 என்ற எழுத்துகளும் உள்ளன. அதைப் பத்து இலட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகவும், முன்னதாகப் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார்.

இரண்டு காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளப்பு வந்தது, ஆனால் முன்பு தெரிந்த கோடுகள் மங்கிவிட்டன. எஞ்சியவற்றை எப்படிக் கையாள வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (தஞ்சாவூர், நாணயச் சேகரிப்பாளர்):

அம்மா, முதல் வேண்டுகோள்: இனி எந்தக் காசையும் தேய்க்காதீர்கள். காசின் மேலுள்ள கறுப்பும் கரும்பச்சையும் அழுக்கு அல்ல. பல நூற்றாண்டுகளாக உலோகத்தின் மீது படிந்த காப்புப் படலம். தேய்ந்த காசில் எழுத்தின் கடைசித் தடயம் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கும்.

நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் உள்ளவை முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் தொடங்கிய செப்புக் காசுகளின் வகை. அமர்ந்த உருவத்தின் தலை மேலே இருக்கும்படி காசைத் திருப்பிப் பிடித்து, அதன் இடக்கைக்குக் கீழே, அதாவது நமக்கு வலப்புறத்தில், பாருங்கள். அங்கே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். கல்வெட்டுகளைத் தமிழில் பொறித்த மன்னன் காசில் நாகரியைப் பயன்படுத்தியது பலருக்கு வியப்பாக இருப்பதால், இவற்றை வடநாட்டுக் காசுகள் என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. எடை ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். இவ்வகை மிகுதியாகக் கிடைப்பது. ஆகவே பெருந்தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் பதினொன்றையும் ஒன்று விடாமல் படித்துப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சோழர் ஆட்சி ஈழத்தில் முடிந்த பிறகும், பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள அரசர்கள் இதே வடிவத்தைக் கைவிடவில்லை. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி ஆகியோர் காசுகளிலும் இதே உருவங்களும் நாகரி எழுத்துமே உள்ளன. பெயர் மட்டும் வேறு. உருவத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் இராசராசன் காசு என்று எழுதி வைத்துவிடுவது, பழகிய சேகரிப்பாளர்களிடமும் காணப்படும் பிழை.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: அவை 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'டொய்ட்' என்னும் செப்புக் காசுகள், அந்த மூன்று எழுத்துகள் அக்கம்பெனியின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள். வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியது 1906இல். மறுபுறம் முடியின் கீழுள்ள கேடயத்தில் அலைகளிலிருந்து சிங்கம் எழுவதாக இருந்தால், அது நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்தில் அடித்தது. நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையிலிருந்தது 1658 முதல் 1781 வரை. 1789 காசு அதற்குப் பிந்தியது. இலங்கைக் கரையோரம் 1796 வரை அவர்களிடமே இருந்ததால், அங்கிருந்து வணிகத்தில் இங்கு வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில் 2 (புதுக்கோட்டை):

அந்த 16 சிறு காசுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவை எங்கள் ஊர் அம்மன் காசுகள். அமர்ந்திருப்பவள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரி நாட்களில் சமஸ்தானத்தில் அரிசியோடு இந்தக் காசையும் வழங்குவார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். விளிம்பு ஒழுங்கில்லாமல் தடித்திருப்பவை கையால் அடித்தவை. சீரான வட்டமாக இருப்பவை பிற்காலத்தில் இயந்திரத்தில் அடித்தவை. இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பதில் 3 (அருங்காட்சியகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்):

முதலில் அந்தத் தொலைபேசிக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். காசு வாங்குபவர் முன்பணம் கேட்க வேண்டிய காரணமே இல்லை. கம்பெனி மதராஸில் வெளியிட்ட வராகன்களில் திருமால் உருவம் உண்டு. ஆனால் அனுமன் பொறித்த 1818 அரையணாவைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. கம்பெனி 1835 என்று ஆண்டிட்டு வெளியிட்ட அரையணாவில் அதன் சின்னம்தான் இருக்கும். உங்களிடம் உள்ளது பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்த வில்லை. 'ரைஸ் புல்லிங்', அதாவது அரிசியை ஈர்க்கும் அதிசய சக்தி காசுக்கு உண்டு என்று சொல்லி, இதே வில்லைகளை வைத்துப் பலரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

மண் ஒட்டியிருந்தால் வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கெட்டியான பச்சைப் படலத்தால் தீங்கில்லை. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் அந்தக் காசு அரிக்கப்பட்டு வருகிறது. அதைப் பிரித்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பி.வி.சி. உறைகள் செம்பைக் கெடுக்கும், காகித உறையே போதும். படம் எடுக்கும்போது விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்திக் காட்டினால், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும்.

நூறு ஆண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அன்பளிப்பாகக்கூட அனுப்பிவிடாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி:

மூவருக்கும் மிக்க நன்றி. தெரிந்த நகைக்கடையில் எல்லாவற்றையும் எடைபோட்டேன். பதினொன்றில் ஒன்பது காசுகள் 3.6 முதல் 4.3 கிராம் வரை உள்ளன. புளியில் தேய்த்த இரண்டும் அவற்றைவிடக் குறைவு. இரவில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, ஏழில் 'ராஜராஜ' என்று என் மகனே படித்துவிட்டான். பள்ளியில் இந்தி கற்பது உதவியது. ஒரு காசில் மட்டும் 'ஸ்ரீ', 'ராஜ' ஆகியவற்றுக்குக் கீழே 'லீ' போன்ற எழுத்து இருக்கிறது, அதன் பின் விளிம்பு வெட்டிவிட்டது. தேய்த்த இரண்டும் இன்னொன்றும் படிக்க முடியவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில் 1 தந்தவர்:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. கணவன் பராக்கிரமபாகுவுக்குப் பின், 1197 முதல் 1212 வரையிலான காலத்தில் மூன்று முறை அரியணை ஏறியவள். அதற்குத் தனி உறை போடுங்கள். உறையின் மேல் பெயரோடு, கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் பழஞ்செம்போடு வந்தது என்பதையும், டச்சுக் காசுகளுடன் ஒரே பையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். படிக்க முடியாத மூன்றையும் பெயரிடாமல் அப்படியே வையுங்கள்.