அப்பாவின் புல்லட்: கார்பரேட்டரை மாற்றிவிடாதே தம்பி

அப்பாவின் பழைய புல்லட் எடுக்கவில்லை, ஊரில் மெக்கானிக் புது கார்பரேட்டர் போடச் சொல்கிறார் என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் பொறு. புளியரையிலிருந்து எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் உன் அப்பாவை ஏற்றிப்போன வண்டி அது.

2 வருடம் நின்றிருக்கிறது, அதுவும் நம்ம ஊரில். ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற சாரல் ஜூனில் தொடங்கினால் வீட்டுச் சுவரே ஊறிப்போகும். அந்த ஈரம் முதலில் பிடிக்கிற இடம் பாயிண்ட்தான், அதாவது பிளக்கில் பொறி வருவதற்காகத் தொட்டுத் தொட்டு விலகுகிற சின்ன உலோக முனைகள். நான் 2011-ல் லீவில் வந்தபோது மச்சினன் புல்லட்டுக்குப் புது கார்பரேட்டரே வாங்கிப் போட்டோம், அப்போதும் எடுக்கவில்லை, லீவில் 10 நாள் அதிலேயே போய்விட்டது. கடைசியில் செங்கோட்டையில் வயசான மெக்கானிக் ஒருத்தர் சிலிண்டருக்குப் பின்னால் வலது பக்கம் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் நடுவே உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்தார். அடுத்த கிக்கில் எடுத்துவிட்டது.

அதனால் ஊரில் இருக்கிற உன் தம்பியிடம் முதலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றச் சொல். அப்புறம் சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்வதும் நடுவுக்கு வருவதுமாக இருக்கணும். முள் அசையவே இல்லை என்றால் பாயிண்ட் ஒட்டவில்லை, இல்லையென்றால் ஒயர் எங்கேயோ விட்டிருக்கிறது. பாயிண்டைத் தேய்த்தபிறகு தூசியைத் துடைத்துவிட்டு, நன்றாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்கணும். பிளக்கைக் கழற்றி, கேப்போடு சிலிண்டர் ஹெட்டில் ஒட்டவைத்துக் கிக் பண்ணிப் பார்க்கட்டும், பக்கத்தில் பெட்ரோல் இருக்கவே கூடாது. நீலமாகப் பொறி வந்தால் கரண்ட் பக்கம் சரி.

அதற்கப்புறம்தான் பெட்ரோல். டேங்கில் இருப்பதை முழுக்க இறக்கி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைக்கச் சொல், கொஞ்ச நேரத்தில் அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது தண்ணீர். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நம்ம ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். கார்பரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் வெள்ளையாகப் பூத்திருக்கும், பழைய பெட்ரோல் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்கும். அந்தப் பசை அடைப்பது பைலட் ஜெட்டை, அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் வண்டி ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்னத் துளையை. சோக்கில் மட்டும் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றால் பெரும்பாலும் அதுதான். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்று அடித்தால் போதும். ஊசியோ கம்பியோ விடவே கூடாது, பித்தளை ஜெட்டின் ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் டியூனிங் நிற்காது.

இன்னொன்று. சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டரிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கணும். நின்ற வண்டியில் இதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக் கழற்றிவிட்டார் என்றால் பழைய கார்பரேட்டரைக் கையோடு வாங்கி வீட்டில் வைத்துவிடு. எனக்கு மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு, நம்ம ஊர் நேரம் காலை 10 மணிக்கு மேல் தம்பியை வீடியோவில் கூப்பிடச் சொல். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மட்டும் அதற்குள் கழற்றி வைத்திருக்கட்டும்.