மறு: ‘இட்டாலிக்’ – சாய்வெழுத்து போதுமா?

வணக்கம். அச்சில் ‘இட்டாலிக்’ என்னும் எழுத்து வகைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘சாய்வெழுத்து’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச் சொல் எதற்கு?

புழங்குவதால்தான் சிக்கலே. போன மாதம் கோபிப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தேன். மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில் ஜாஃப் சான்சரி என்ற இட்டாலிக் எழுத்துருவில் அழகாக உட்கார்ந்துவிட்டது. “தமிழையும் அதே மாதிரி சாய்வெழுத்துல போட்ருங்க” என்றார் பெண்ணின் தாய்மாமன். சாய்க்கிற பொத்தானை அழுத்தினேன். ‘ட’ சரியப்போகிற சுவர் மாதிரி நின்றது. “என்னங்க, காத்துல சாஞ்ச வாழையாட்ட இருக்குது” என்றார். அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது வேறு. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே பெயர்.

நேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்ப்பது ஒன்று. அதற்குச் ‘சாய்வெழுத்து’ சரி. இட்டாலிக் அப்படியல்ல, கையெழுத்திலிருந்து வந்த தனி வடிவம். ஆங்கிலச் சின்ன ‘ஏ’ (a) மேல்மாடத்தை இழந்து ஒற்றை வயிறாகும். ‘எஃப்’ (f) பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே வால் விடும். 1501-ல் வெனிசில் ஆல்டஸ் மனுசியஸ் அச்சிட்ட வெர்ஜில் நூலுக்கு பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய முதல் இட்டாலிக்கில் பெரிய எழுத்துகள் (கேப்பிட்டல்) நேராகத்தான் நின்றன. ஆக, சாய்வு அதன் உயிர் அல்ல.

> இட்டாலிக்குக்கு மூலம் போப்பின் அலுவலக (‘சான்சரி’) எழுத்தர்களின் கையெழுத்து என்பதால் ‘ஓலைநாயக எழுத்து’ எனலாமே?

சோழர் காலத்துப் பதவிப் பெயரை எடுத்தது அருமை. ஆனால் ஓலையில் எழுத்தாணி கீறினால் கோடு ஒரே கனம்தான். ரோமில் அர்ரிகி என்ற எழுத்தர் 1522-ல் கையேடு போட்டுக் கற்றுக்கொடுத்த எழுத்துக்கு உயிரே தடிப்பும் மெலிவும். அகல நுனிப் பேனாவைச் சுமார் 45 பாகையில் பிடிப்பதால் வருவது. எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஜாஃப் 1979-ல் கொண்டுவந்த ஜாஃப் சான்சரியிலும் அதைத்தான் பார்க்கிறோம். ஓலை என்றால் படிப்பவர் மனம் தப்பான இடத்துக்குப் போய்விடும்.

என் பரிந்துரை: ஒயிலெழுத்து. கோயில் நோம்பிக்கு ஒயில் கும்மி பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். உடம்பு வளையும், அடி தப்பாது.

> ஆட்டம்தானே நினைவுக்கு வரும்?

வரட்டுமே. ஒயிலாட்டத்தில் கைக்குட்டை வீசுவார்கள் அல்லவா, பெரிய எழுத்தின் முனை நீண்டு சுழலும் ‘ஸ்வாஷ்’ அலங்காரத்துக்கு ‘வீச்சு’ என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது. அப்புறம், வரிசையில் எல்லாரும் ஒரே சமயம் வீசினால் முகம் தெரியாது. பெயர், பட்டம் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே சான்சரியில் அடித்துக் கேட்கிறார்களே, ஒன்றும் படிக்க வராததற்குக் காரணம் அதுதான். பெயருக்கு, ஒரு வரி வாழ்த்துக்கு என்று அளவாக வைத்தால்தான் அழகு.

அந்தப் பத்திரிகையில் தமிழை நேராகவே விட்டு, மணமக்கள் பெயரை மட்டும் தூரிகையால் எழுதி ஸ்கேன் செய்து வைத்தேன். தாய்மாமன் ஒத்துக்கொண்டார்.

‘வீச்சு’ ஏற்கெனவே வேறு துறையில் அலைவீச்சாக ஓடுகிறது. மோதும் என்று நினைப்பவர்கள் வேறு சொல் சொல்லுங்க.